உகா மரத்து அரபி

பூ இருக்கிறது, பூச்சி இல்லை

வாசலில் செம்பருத்தி பூத்திருக்கிறது. தொட்டியில் ரோஜா, கம்பிவேலியில் காகிதப்பூ, கிணற்றடியில் மல்லிகை. இத்தனை இருந்தும் பட்டாம்பூச்சி எப்போதாவது ஒன்று வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுகிறது. "மருந்தடிச்சு மருந்தடிச்சுப் பூச்சியெல்லாம் அழிஞ்சு போச்சு" என்று நாமே காரணமும் சொல்லிக்கொள்கிறோம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை அதுவல்ல.

சித்திரை மாதத்தில் ஏரலிலிருந்து கொற்கை, முக்காணி வழியாகப் பழையகாயல் பக்கம் போய்ப் பாருங்கள். வாழைத்தோட்டங்கள் முடிந்து உப்பளங்கள் தொடங்கும் இடைவெளியில், புழுதி படிந்த புதர்கள் நிற்கும். கண்ணில் படுகிற மாதிரி ஒரு பூ இருக்காது. தரையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். காலை எட்டு மணிக்கே வெயில் உச்சந்தலையில் இறங்கும். அந்தப் புதர்களைச் சுற்றி, முழங்கால் உயரத்தில், இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த சிறிய பட்டாம்பூச்சிகள் ஓயாமல் வளைய வந்துகொண்டிருக்கும்.

பூ நிறைந்த வாசலை விட்டுவிட்டு, உப்புக்காட்டில் இவற்றுக்கு என்ன வேலை? சிறகுதான் இருக்கிறதே, நாலு மைல் பறந்து வந்தால் என்ன? இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரு கேள்விதான். விடை இலையில் தொடங்கி, மண்ணுக்குள் இறங்கி, கொற்கையை விட்டு விலகிப்போன கடலில் போய் நிற்கும்.

இரண்டு பருவம், இரண்டு பசி

பட்டாம்பூச்சிக்குப் பூ வேண்டும் என்பது பாதிக் கதை. வளர்ந்த பட்டாம்பூச்சி சுருட்டி வைத்த உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடிக்கிறது. அந்தத் தேன் பறப்பதற்கான எரிபொருள். அதனால் அதன் உடல் வளர்வதில்லை. கூட்டை உடைத்து வெளியே வந்த பிறகு ஒரு பட்டாம்பூச்சி கடுகளவும் பெரிதாவது கிடையாது. வளர்ச்சி முழுவதும் அதற்கு முன்பே, புழுவாக இருந்தபோது முடிந்துவிடுகிறது. புழுவுக்கு உறிஞ்சுகுழல் இல்லை, கடித்து மெல்லும் தாடைதான் உண்டு. அது தின்பது இலை.

எந்த இலையும் ஆகாது என்பதுதான் இங்கே முக்கியம். பெரும்பாலான பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் ஒரு செடியை, அல்லது உறவான சில செடிகளை மட்டுமே தின்னும். வேறு இலையில் விட்டால் பட்டினி கிடந்து சாகும், வாய் வைக்காது. வெந்தய வரியனுக்கு எருக்கு. சிவப்புடல் அழகிக்கு ஆடுதின்னாப்பாளையும் அதன் உறவுக்கொடிகளும். எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சையும் கறிவேப்பிலையும். இப்படிப் புழுவுக்குச் சோறு போடும் செடியை 'ஊண்செடி' என்று இந்த நூலில் அழைப்போம்.

இப்போது வாசலைத் திரும்பப் பாருங்கள். ரோஜாவும் காகிதப்பூவும் நம் ஊர்ப் பட்டாம்பூச்சிகளில் அநேகமாக எதற்கும் ஊண்செடி அல்ல. அங்கே வருகிறவை வழிப்போக்கர்கள். தாகத்துக்குக் குடித்துவிட்டுப் போகும், குடியிருக்காது. பூச்செடிகளுக்கு நடுவே ஒரு கறிவேப்பிலைக் கன்று நின்றால் நிலைமை மாறும். கறுப்பும் வெளிர்மஞ்சளுமாக ஒரு பட்டாம்பூச்சி அதைச் சுற்றிச் சுற்றி வரும். சில நாள் கழித்துக் கொழுந்தில் பறவை எச்சம் போலவே ஒரு புழு உட்கார்ந்திருக்கும்.

ஒரே ஆறு, இரண்டு முனை

ஊண்செடி எங்கே வளர்கிறதோ அங்கேதான் பட்டாம்பூச்சிக்கு ஊர். தாமிரபரணியை விட இதற்கு நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழும் இந்த ஆற்றின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். மேல்முனையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காட்டில் தமிழ் மறவன் பறக்கிறது. 2019-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டது இதுதான். இதன் புழுவுக்கு நீரடிமுத்து மரத்தின் இலை வேண்டும். அந்த மரம் மலைக்காட்டு ஓடைக்கரைகளில் வளர்வது.

கீழ்முனையில், கொற்கைக்கும் பழையகாயலுக்கும் இடைப்பட்ட வெளியில் பறப்பது வேறொன்று. ஆங்கிலத்தில் இதை 'ஸ்மால் சால்மன் அராப்' என்கிறார்கள். அறிவியல் பெயர் கொலோட்டிஸ் அமாட்டா. நாம் 'உகா அரபி' என்று வைத்துக்கொள்வோம். சிறகை விரித்தால் மீன்சதை நிறம், ஓரம் முழுக்கக் கறுப்புப் பட்டை, பட்டைக்குள் வெளிறிய புள்ளிகள். மூடினால் பச்சை கலந்த மஞ்சள், காய்ந்த இலையோடு இலையாகிவிடும். பெண்பூச்சிகளில் சில மீன்சதை நிறத்திலும் சில வெள்ளையாகவும் இருக்கும். இந்தப் பேரினத்தின் பெரும்பாலான உறவுகள் ஆப்பிரிக்காவில் வாழ்கின்றன. உகா அரபியே ஆப்பிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் பறப்பதுதான்.

தமிழ் மறவன் கீழே இறங்கி வந்து கொற்கையில் குடியேறுவதில்லை, அரபி மலையேறிப் பாபநாசத்துக் காட்டில் குடும்பம் நடத்துவதில்லை. ஆறு ஒன்றுதான், இலை வேறு.

கடுகு ஏன் காரமாக இருக்கிறது?

ஒரு புழு ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்க வேண்டும்? பசித்தால் பக்கத்துச் செடியைத் தின்னக் கூடாதா? இதற்கு விடை தேட உகா அரபியின் ஊண்செடிகளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

முதலாவது உகா மரம். கிளைகள் தொங்கித் தரையைத் தொட, பச்சைக் குடிசை மாதிரி அடர்ந்து நிற்கும். இலை சற்றுத் தடித்து, தொட்டால் சதைப்பற்றாக இருக்கும். அரபு நாடுகளில் 'மிஸ்வாக்' என்று பல் துலக்கும் குச்சி இந்த மரத்தின் வேரிலிருந்தும் கிளையிலிருந்தும் எடுப்பது. இரண்டாவது சங்கஞ்செடி, இசங்கு என்றும் சொல்வார்கள். கணுவுக்கு நான்கு முள் வைத்து, வெள்ளையாகச் சிறு பழம் பழுக்கும் புதர். உகாவும் சங்கஞ்செடியும் ஒரே குடும்பம்.

உகாவின் தளிரைக் கிள்ளி மென்றால் முதலில் உப்புக் கரிக்கும், அப்புறம் மூக்கில் ஏறும் ஒரு காரம் வரும். பழையகாயல் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி, நாங்கள் கேமராவோடு புதருக்குள் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "முள்ளுக்குள்ள என்னத்தத் தேடுதிய தம்பி?" என்றார். பட்டாம்பூச்சி என்றதும் சிரித்தார். "அது இந்த எலைக்குத்தான் வரும். மென்னு பாருங்க, கடுகு கணக்கா இருக்கும். ஆடும் ஆசையாத் திங்கும்." வேதியியலாளர்கள் சொல்வதும் இதேதான். உகாவுக்கும் சங்கஞ்செடிக்கும் கடுகுக்கும் முருங்கைக்கும் ஒரு பொது ஆயுதம் இருக்கிறது. அதைக் 'கடுகுச்சத்து' என்போம்.

இந்த ஆயுதம் வேலை செய்யும் விதத்தை நம் அடுக்களையிலேயே பார்க்கலாம். முழுக் கடுகை நாவில் வைத்தால் பெரிதாக உறைக்காது. தண்ணீர் தெளித்து அரைத்தால்தான் நெடி மூக்கில் ஏறும். காரணம், கடுகுச்சத்தும் அதை உடைக்கும் நொதியும் செடிக்குள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கடித்தாலோ அரைத்தாலோ அறைகள் உடைந்து இரண்டும் கலக்கும். கலந்த கணத்தில் கடுகு எண்ணெய் பிறக்கும். அதுதான் காரம். நமக்கு அது ருசி, இலை தின்ன வரும் பெரும்பாலான பூச்சிகளுக்கு அது நஞ்சு. கடிக்கிற வாய்க்குள்ளேயே வெடிக்கிற வெடி.

உகா அரபி சேர்ந்திருக்கும் வெள்ளையன் குடும்பத்துப் பட்டாம்பூச்சிகள் பல இந்த வெடியைச் செயலிழக்க வைக்கும் வித்தையைக் கற்றிருக்கின்றன. ஜெர்மனியின் யேனா நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனத்து ஆய்வாளர்கள், முட்டைக்கோஸ் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் புழுவை ஆராய்ந்து 2004-இல் இதை விளக்கினார்கள். புழுவின் குடலில் ஒரு தனிப் புரதம் இருக்கிறது. கடுகுச்சத்து உடையும்போது அது குறுக்கே புகுந்து, காரமான எண்ணெய் உருவாகாமல் நஞ்சு குறைந்த வேறொரு பொருளாகத் திருப்பிவிடுகிறது. வெடி வெடிக்காமலே கழிவாக வெளியேறுகிறது.

இந்த வித்தை சும்மா வந்ததல்ல. கடுகுச்சத்துச் செடிகள் தோன்றி ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகள் இருக்கும். அவை தோன்றி ஒரு கோடி ஆண்டுக்குள்ளாகவே அதை முறியடிக்கும் புழுக்களும் வந்துவிட்டன என்று மரபணு ஒப்பீடுகள் காட்டுகின்றன. அன்றிலிருந்து செடி புதுப்புதுக் காரத்தைச் சேர்க்க, புழு புதுப்புது மாற்றைக் கண்டுபிடிக்க, பந்தயம் ஓயவில்லை. 1964-இல் பால் எர்லிக், பீட்டர் ரேவன் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் பட்டாம்பூச்சிகளையும் செடிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, இப்படி இரண்டும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே வருவதை விளக்கினார்கள். 'இணைப்பரிணாமம்' என்று அதைச் சொல்லலாம்.

நஞ்சே விலாசம்

இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. புழு நஞ்சைச் சகித்துக்கொள்கிறது என்பதோடு கதை முடியவில்லை. நஞ்சு இருந்தால்தான் அது சாப்பிடும்.

இதைக் காட்டியவர் நெதர்லாந்துத் தாவரவியலாளர் எட்வர்ட் ஃபெர்ஷாஃபெல்ட். ஆண்டு 1910. முட்டைக்கோஸ் தின்னும் வெள்ளையன் புழுக்களின் முன், அவை வழக்கமாகத் தொடாத செடியின் இலைகளை வைத்தார். தொடவில்லை. அதே இலைகளில் கடுகுச்சத்துள்ள செடியின் சாற்றைத் தடவி வைத்தார். தின்றன. இலையில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பதைப் புழு பார்க்கவில்லை. தன் குலத்துக்குப் பழகிய அந்தக் கார வாசனை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. மற்ற பூச்சிகளை விரட்டச் செடி வைத்த நஞ்சு, இந்தப் புழுவுக்கு வீட்டு விலாசமாக மாறிவிட்டது.

இதில் லாபமும் உண்டு, ஆபத்தும் உண்டு. லாபம், போட்டி குறைவு. பலரால் தின்ன முடியாத இலை இவற்றுக்குக் கிடைக்கிறது. ஆபத்து, அந்த இலை இல்லாத இடத்தில் பிழைக்க வழியில்லை. ஒரு பூட்டுக்கு மட்டும் சாவி செய்துகொண்ட பிறகு, மற்ற கதவுகள் மூடித்தான் இருக்கும்.

புழு நடந்து போய்ச் செடி தேட முடியாது. தேடுகிற பொறுப்பு முழுவதும் தாயுடையது. அவள் காலால் ருசி பார்க்கிறாள். பட்டாம்பூச்சியின் பாதங்களில் சுவை உணரும் மயிர்கள் இருக்கின்றன. பெண்பூச்சி ஓர் இலையில் இறங்கி, முன்னங்கால்களால் தட்டித் தட்டிப் பார்ப்பதைப் பொறுமையாக நின்றால் நம் கண்ணாலேயே காணலாம். தட்டும்போது இலையின் மேற்பரப்பிலுள்ள சத்து பாதத்தில் படுகிறது. கடுகுச்சத்து இருந்தால் வயிற்றை வளைத்து முட்டையிடுவாள், இல்லாவிட்டால் எழும்பி அடுத்த இலைக்குப் போவாள்.

கடல் விட்டுப்போன நிலம்

உகா ஏன் கொற்கைப் பக்கத்து உப்புக்காட்டில் வளர்கிறது? அதற்கு மண்ணைக் கேட்க வேண்டும்.

கொற்கை பாண்டியரின் துறைமுகம். முத்துக்குப் பேர்போன ஊர். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க மாலுமிக் கையேடான பெரிப்ளுஸ் இந்த முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69-இல் அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று கணக்கிடப்பட்டது. அந்தத் துறைமுகத்தில் இன்று போய் நின்றால் வாழையும் நெல்லும்தான் தெரியும். கடல் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது.

கடலைத் தள்ளியது தாமிரபரணி. மழைக்கு மழை அது கொண்டுவந்து கொட்டிய வண்டல் முகத்துவாரத்தை மேடாக்கியது. கரை கிழக்கே நகர்ந்தது. கப்பல் வர முடியாமல் கொற்கை ஓய்ந்தபோது துறைமுகம் காயலுக்கு இடம் மாறியது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்த காயல் அது. பிறகு அதுவும் தூர்ந்து பழையகாயல் ஆயிற்று. அங்கிருந்து புன்னைக்காயல், அப்புறம் தூத்துக்குடி. 1870களில் கால்டுவெல் இங்கே தோண்டிப் பார்த்து, இந்த இடமாற்றத்தை எழுதிவைத்தார்.

கடல் போனது, உப்பு போகவில்லை. மேற்கே, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து கால்வாய் பாயும் இடங்களில் ஆற்றுநீர் உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடுகிறது. அங்கே வாழை, நெல், ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக்கொடிக்கால். கிழக்கே போகப் போகக் கால்வாய்த் தண்ணீர் குறைகிறது, கடலோ கிட்டே வருகிறது. கோடையில் நிலத்தடி ஈரம் மேலே ஏறி ஆவியாகும்போது உப்பை மேல்மண்ணில் விட்டுவிட்டுப் போகிறது. அந்த மண்ணில் வாழை நின்றால் இலை ஓரம் கருகும். வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல், ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தில் சாகும்.

உகா சாகாது. அது உப்பை உள்ளே விடுகிறது. விட்டு, இலைச் செல்களின் நடுவே உள்ள நீர்ப்பைகளில் அடைத்து வைக்கிறது. செல்லின் முக்கிய வேலைகள் நடக்கும் பகுதிக்கு உப்பு போகாது. நீர்ப்பை பெருக்கப் பெருக்க இலை தடிக்கிறது. மென்றால் முதலில் உப்புக் கரித்தது இதனால்தான். முற்றிய இலை உதிரும்போது அதிலுள்ள உப்பும் உதிர்ந்துவிடுகிறது. வேரோ ஆழமாக இறங்கக்கூடியது. அதனால் சித்திரை, வைகாசியில் சுற்றிலும் புல் கருகிக் கிடக்கும்போதும் உகா பச்சையாக நிற்கிறது, தளிரும் விடுகிறது. மற்ற பட்டாம்பூச்சிகளுக்கு இலை அற்றுப்போகும் மாதத்திலும் அரபிக்குப் பந்தி நடக்கிறது.

இப்போது சங்கிலியைச் சேர்த்துப் பாருங்கள். ஆறு வண்டல் கொட்டியது, கடல் விலகியது, உப்பு தங்கியது, உப்பைத் தாங்கும் உகா வேர்விட்டது, உகாவின் கடுகுச்சத்து அரபியை அழைத்தது. கொற்கைக்குக் கிழக்கே கண்முன் பறக்கும் பூச்சி, பழைய கரையோரத்தின் அடையாளம்.

ஒரு புதர், ஒரு காலை

இதைச் சொல்லிக் கேட்பதை விட ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்ப்பது நல்லது. பல இடம் அலைய வேண்டாம். வெயில் படும் ஓர் உகாவோ சங்கம்புதரோ போதும். காலை எட்டிலிருந்து பத்து மணி வரைதான் நேரம். பட்டாம்பூச்சி பறக்க அதன் நெஞ்சுத் தசை சூடேற வேண்டும். ஆகவே விடிந்ததும் கிழக்குப் பார்த்த கிளைகளில் சிறகை விரித்து வெயில் காயும். மேற்சிறகின் நிறத்தைப் படமெடுக்க அதுவே சமயம். பத்தரை, பதினொன்று ஆனால் சூடு மிஞ்சி நிழலுக்குள் போய்விடும், சிறகை மூடிவிடும். ஆனி பிறந்து மேல்காற்று வீசத் தொடங்கினால் புதரின் கிழக்குப் பக்கத்து மறைவில் தேடுங்கள்.

முதலில் கண்ணில் படுவது ஆண்கள். தரையோடு தரையாக, ஒரே தடத்தில் புதர்களைச் சுற்றி வேகமாக ரோந்து வரும். துரத்தினால் கிடைக்காது. தடத்தைக் கவனித்து அதன் ஓரத்தில் குந்தியிருந்தால், அதே பூச்சி திரும்பத் திரும்ப அந்த வழியே வரும். நம் நிழல் அதன் மேல் விழுந்தால் எழும்பிவிடும். வெயிலை முதுகில் வாங்காமல் பக்கவாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கைபேசிக் கேமராவே போதும். கிட்டே நீட்டாமல் ஒரு முழத்துக்கு அப்பாலிருந்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் பூச்சி கலையாது.

பெண்பூச்சியை அதன் நடையால் அடையாளம் காணலாம். அது வேகமாகப் போகாது. தயங்கித் தயங்கி, இலைக்கு இலை தொட்டுத் தொட்டுப் பறக்கும். ஆண் ஒன்று நெருங்கி வந்தால் சில சமயம் ஒரு வேடிக்கை நடக்கும். பெண் சிறகுகளை அகல விரித்து, வயிற்றை நேராக மேலே தூக்கி நிறுத்திக்கொண்டு இலையோடு ஒட்டிவிடும். ஏற்கெனவே இணை சேர்ந்தாயிற்று, போ என்று அர்த்தம். வெள்ளையன் குடும்பம் முழுவதற்கும் இது பொதுவான மறுப்பு. ஆண் இரண்டு மூன்று முறை முட்டிப் பார்த்துவிட்டு விலகிவிடும்.

ஆண் போனபின் அந்தப் பெண்ணை விடாமல் கவனியுங்கள். அது பக்கத்தில் நிற்கும் சீமைக்கருவேலத்தில் உட்காரலாம், உமரியில் உட்காரலாம். ஒரு கணம் கால் பதிக்கும், கிளம்பிவிடும். உகாவின் கொழுந்தில் இறங்கியதும் நடத்தை மாறும். சிறகு படபடக்க, முன்கால்கள் இலையைத் தட்டும். வயிறு மெல்ல வளைந்து இலையின் பரப்பைத் தொடும். அது எழுந்து போன பிறகு அந்த இலையைப் பறிக்காமல் திருப்பிப் பாருங்கள். ஊசிமுனையளவில், நீண்ட சோளமணி வடிவில் முட்டைகள் நிற்கும். வெள்ளையன் குடும்பத்தில் பல பூச்சிகள் முட்டையை ஒவ்வொன்றாக இடுபவை. உகா அரபி கூட்டமாக இடும். பொரிந்து வரும் பச்சைப் புழுக்களும் சிறு பருவத்தில் கூட்டமாகவே தின்னும்.

இத்தனை முட்டையும் பிழைத்தால் புதரே மிஞ்சாது. எறும்பு, சிலந்தி, குளவி, ஓணான் எல்லாம் பங்குக்கு வரும். ஒரு தாயின் முட்டைகளில் சராசரியாக இரண்டு மட்டும் வளர்ந்து மறுபடி இணைசேர்ந்தால் போதும், கூட்டம் குறையாமல் நிற்கும். மூன்றானால் பெருகும், ஒன்றானால் அருகும். ஒரு புதரை வெட்டினால் போவது அன்றைக்கு அதில் இருந்த புழுக்கள் மட்டுமல்ல. இந்த மெல்லிய கணக்கு இரண்டிலிருந்து ஒன்றுக்குச் சாய்ந்துவிடுகிறது.

சுண்ணாம்பு மேட்டிலும் இதே கணக்கு

கொற்கையின் உப்பு செய்கிற வேலையை வேறு நாடுகளில் வேறு மண் செய்கிறது. தெற்கு இங்கிலாந்தில் சுண்ணாம்புக் குன்றுகள் உண்டு. டைனோசர்கள் வாழ்ந்த காலத்துக் கடலில் மிதந்த நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து இறுகிய மண். அதுவும் கடல் விட்டுப்போன நிலம்தான். மேல்மண் கையகல ஆழம், சத்துக் குறைவு, தண்ணீர் நிற்காது. அந்த ஏழை மண்ணில் உயரமான செடி எழும்ப முடியாது. ஆகவே குட்டையான நூறு வகைப் புல்பூண்டுக்கு இடம் கிடைக்கிறது. அவற்றில் ஒன்று மஞ்சள் பூப் பூக்கும் 'ஹார்ஸ்ஷூ வெட்ச்' என்ற பயறுக் குடும்பத்துச் செடி. சுண்ணாம்பு மண்ணைத் தவிர வேறெங்கும் அது அநேகமாக வளராது. வானநீலச் சிறகு கொண்ட 'அடோனிஸ் ப்ளூ', வெளிர்நீலச் 'சாக்ஹில் ப்ளூ' ஆகிய இரண்டின் புழுக்களும் அதை நம்பியே இருக்கின்றன. கோடை வந்தால் அந்நாட்டார் கேமராவோடு குன்றேறுவது இவற்றைப் பார்க்கத்தான்.

அதே வகைப் புல்வெளிகளில் ஒரு பாடமும் நடந்தது. 'லார்ஜ் ப்ளூ' என்ற பட்டாம்பூச்சி 1979-இல் பிரிட்டனில் அற்றுப்போனது. காப்பாற்ற முயலாமல் இல்லை. சேகரிப்பாளர்கள் பிடித்துவிடாதபடி வேலிகூடப் போட்டார்கள். ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் உண்மைக் காரணத்தைக் கண்டார். இதன் புழு சிறிது காலம் துளசிக் குடும்பத்துத் 'தைம்' செடியைத் தின்றுவிட்டு, பிறகு ஒரு குறிப்பிட்ட சிவப்பெறும்பின் புற்றுக்குள் வளர்வது. அந்த எறும்புக்கு வெயில் பட்டுச் சூடான தரை வேண்டும். வேலி ஆடுமாடுகளையும் தடுத்தது. 1950களில் முயல்களும் கொள்ளைநோயில் மடிந்தன. மேய்ச்சல் நின்றதும் புல் ஓங்கியது, தரை குளிர்ந்தது, எறும்பு போனது, பின்னாலேயே பட்டாம்பூச்சியும் போனது. 1980களில் சுவீடனிலிருந்து கொண்டுவந்து, மேய்ச்சலை முறைப்படுத்திய நிலங்களில் விட்டார்கள். இன்று அது மீண்டும் பறக்கிறது.

பூச்சியைப் பிடிக்காமல் விட்டால் பூச்சி பிழைக்கும் என்பது எளிய எண்ணம். மண்ணும் மேய்ச்சலும் இலையும் சேர்ந்ததுதான் பூச்சி. நம் ஆச்சியின் ஆடுகளும் இந்தக் கணக்கில் வரும். அளவாகக் கடித்த உகா புதிதாகக் கொழுந்து விடும், தாய்ப்பூச்சி தேடுவது கொழுந்தை. அளவு மீறி மொட்டையடித்தால் இருவருக்கும் இல்லை.

படத்தில் இலையும் இருக்கட்டும்

உப்புக்காட்டைத் தரிசு என்று எழுதிவைக்கும் வழக்கம் நமக்கு உண்டு. சீமைக்கருவேலத்தை அகற்ற வேண்டியதுதான், அதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பொக்லைன் வரும்போது கருவேலத்தோடு சேர்த்து உகாவையும் சங்கஞ்செடியையும் விழுதியையும் வாரிக்கொண்டு போய்விடுகிறது. விழுதியும் கடுகுச்சத்துள்ள செடிதான், அரபியின் உறவுக்காரர்கள் சிலருக்கு அதுதான் ஊண்செடி. சுத்தமான இடத்தில் பிறகு பூங்கா அமைத்து, பட்டாம்பூச்சிக்கென்று பூச்செடி நட்டாலும் வருபவை வழிப்போக்கர்களாகவே இருக்கும்.

அதனால் படமெடுக்கப் போகிறவர்கள் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளலாம். சிறகு மட்டும் சட்டத்தை நிறைக்கும் அழகான படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, தாய்ப்பூச்சி தட்டிப் பார்த்த இலை தெளிவாகத் தெரியும் படம் ஒன்று. மூன்றாவதாக, முழுப் புதரும் அது நிற்கும் இடமும் தெரிய ஒன்று. மூன்றின் கீழும் தேதி, ஊர், செடியின் பெயர். பெயர் தெரியாவிட்டால் ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்த முறை கரையைச் சுத்தம் செய்ய ஆள் வரும்போது, எந்தப் புதரை விட்டுவிட்டு எதைப் பிடுங்க வேண்டும் என்று ஊராட்சிக் கூட்டத்தில் எடுத்துக்காட்ட இந்த மூன்றும் போதும்.